விஷயம்: சும்மா

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில், உடைமுள்ளைத் தவிர ஒன்றும் முளைக்காத கரட்டில், ஒரு ஷெட் போட்டேன். ஓலை ஷெட். ஆடிக் காற்று தூக்கிக்கொண்டு போய் அடுத்த காட்டில் போட்டது. மறுபடி போட்டேன். இன்னொருவன் வேண்டாம் என்று தள்ளிய நாலு விசைத்தறிகளை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து இறக்கினேன். நாலை நூற்றிருபது ஆக்கினேன். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிறோம், கப்பலில் போகிறது. இங்கே தண்ணீர் கிடையாது என்றார்கள். மூன்று இடத்தில் போர் போட்டுத் தோற்று, நாலாவது இடத்தில் எடுத்தேன். கரண்ட் வராது என்றார்கள். ஆபீஸ் வாசலில் நின்று நின்று கம்பத்தை வரவழைத்தேன். ஷெட்டுக்குப் பின்னால் வீடு கட்டினேன். வீட்டையும் ஷெட்டையும் சேர்த்து ஒன்பதடி உயரத்துக்கு காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு ஓர் இரும்புக் கேட், இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கேட் வேறு கிடையாது. கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன். வாட்ச்மேனுக்கு, வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு. நான் படித்தது மம்சாபுரத்தில் நாலாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் அந்த நோட்டில் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் என் கையெழுத்து விழாமல் இருந்ததில்லை.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இவ்வளவையும் கட்டிய நான், போன மாதம் அந்த நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஏலாமல் அப்படியே உட்கார்ந்து போனேன்.

ஷெட்டுக்கு ஐம்பதாவது வருஷம். என் மகன் ஒரு மலர் போடுகிறான். "அப்பா, உங்க கூட ஆரம்பத்துல இருந்தவுக யாரைப் பத்தியாவது நீங்களே ஒரு பக்கம் எழுதுங்க, நான் பிழை திருத்திக்கிடுதேன்" என்றான். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் மிஷின் பிட்டரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். என் தறிகளைப் பூட்டி ஓட்டிக் காட்டிய மனுஷன் அவர். பெயர் போட்டால் கூச்சப்படுவார், அதனால் பெயர் இல்லை.

என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை ஏலே என்பார். இன்றைக்கு என்னை முதலாளி என்கிறவர்கள் உண்டு, ஐயா என்கிறவர்கள் உண்டு, சேர்மன் சார் என்று ஒருவர் கூப்பிடுகிறார், எதற்கு சேர்மன் என்று எனக்கே தெரியாது. ஏலே என்று கூப்பிட உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. எந்தத் தப்பையும் மனுஷன் மேல் போட மாட்டார்.

ஷெட்டில் எந்தத் தறி எப்போது நின்றது, ஏன் நின்றது என்று எழுதுவதற்கு ஒரு பழைய டைரி வைத்திருந்தார். அதில் பக்கம் பக்கமாக ஒரே வார்த்தைதான், மிஷின் தப்பு. நூலை எடுக்கப்போய் ஒருவனுடைய விரல் பல்சக்கரத்தில் சிக்கி நகம் போய்விட்டது. துணியெல்லாம் ரத்தம். நான் கத்தினேன், "கண்ணை எங்கலே வச்சுக்கிட்டு வேலை பாக்குத?" அவர் அந்த ஆளுக்கு நாங்கள் நெய்த துணியையே கிழித்துக் கட்டிவிட்டு, டைரியை எடுத்து எழுதினார். மிஷின் தப்பு. சக்கரத்துக்கு மூடி இல்லை.

"அண்ணாச்சி, அவன் பராக்குப் பாத்துருக்கான். மிஷின் என்ன செய்யும்?"

"மனுசன்னா பராக்குப் பாக்கத்தான் செய்வான். பராக்குப் பாத்தா விரல் போற எடத்துல சக்கரத்தத் தொறந்து போட்டது மிஷின் தப்புதானலே?"

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கடலெண்ணெய் டின்னை வெட்டி மூடி செய்து மாட்டினார். அந்தத் தறியை எடைக்குப் போட்டபோதும் மூடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். என் மேசையில் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் அவர் வீட்டில் சாப்பிட்டோம். குழம்பில் உப்பே இல்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா, "மதினி, உப்பு என்ன விலை விக்குது?" என்று கேட்டுவிட்டேன். மதினிக்கு முகம் செத்துப் போச்சு. அவர் இலையிலிருந்து எழுந்து, சோற்றுக் கையோடு அடுப்படிக்குப் போய், எட்டாத பலகையில் இருந்த உப்பு ஜாடியை இறக்கி அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பலகை ஒசரம்" என்றார். அவ்வளவுதான்.

மதினி சிரித்துவிட்டாள். "இவுக என்னைய ஒருநாளாவது ஏட்டி அறிவிருக்கான்னு கேட்டா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். அதுக்குக் கொடுத்து வைக்கலியே" என்றாள்.

அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களோடு நம்ம தமிழ்தான், ஆனால் மனம் இளகினால் ஒரு தெலுங்கு வார்த்தை வரும். "போனீரா" என்பார். போகட்டும் விடுடா என்று அர்த்தம். ஒரு தடவை நானே எண்ணெய் கேனைத் தட்டிவிட்டதில், ஏற்றுமதிக்குக் கட்டி வைத்திருந்த துணி பூராவும் பாழ். ஷெட்டே என்னைப் பார்க்கிறது. அவர் டைரியில் எழுதினார், கேன் வைத்த இடம் தப்பு. பிறகு என்னைப் பார்த்து, "போனீரா" என்றார். அன்றைக்கு எனக்கு அது இனித்தது. மறுக்கவில்லை. வெள்ளை வேட்டியில் எண்ணெயோடு, தப்பு என்னுடையது இல்லை என்று நிமிர்ந்து நடந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தறிச் சத்தத்தில் இருப்பவர்களுக்குக் காது போகும். எனக்கு முக்கால்வாசி போனது, அவருக்கு முழுசாகவே போய்விட்டது. காது போன பிறகு அவர் வேலை இன்னும் சுத்தமானது. உள்ளே வரவே மாட்டார். ஷெட்டின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். "ரெண்டாம் வரிசையில நாலாவது. பெல்ட்டு தளந்துட்டு" என்பார். போய்ப் பார்த்தால் தளர்ந்திருக்கும். வந்து போகிற மிஷின் கம்பெனிக்காரர்களிடம் அவரைக் காட்டுவேன், என் ஆள் என்று.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கரண்ட் இல்லாத நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து சைக்கிளில் செண்பகத்தோப்புக்குக் குளிக்கப் போவோம். ஒரு தடவை காட்டிலாகாக்காரர் பாதையில் சங்கிலி போட்டு, யாரும் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார். நான் அப்போது நாலைந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் ஆகிவிட்டேன், விடுவேனா?

"நான் யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"யாரா இருந்தா என்ன? ஆனை எறங்கியிருக்கு. அதுகிட்டப் போயி நீரு யாருன்னு சொல்லும்."

எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. அண்ணாச்சி என் சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "போனீரா. சங்கிலி போட்டா அவன் நிறுத்தத்தான் செய்வான். சங்கிலியக் கோவிச்சுக்கோ" என்றார். வழியெல்லாம் நான் சங்கிலியைத் திட்டிக்கொண்டே வந்தேன், அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

மதினி போன பிறகு மகள் அவரைப் பல்லடத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். இரண்டு செவிடர்களுக்கு போன் எதற்கு? கார்டுதான். நான் கோணல் மாணலாக எழுதுவேன். ஒவ்வொரு வருஷமும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் ஒரு கடிதம் கட்டாயம் போகும்.

"அண்ணாச்சிக்கு, இந்த வருசமாவது வாருங்க. பழைய ஷெட்டு இருந்த எடம் உங்களுக்கு அடையாளம் தெரியாது. தேர் பாக்கலாம். சப்பட்டை மாம்பழம் கடைசிக் காய் மரத்துல விட்டு வச்சிருக்கேன். ஒரு வேலையும் கிடையாது, எந்தத் தறியையும் தொட வேண்டாம். சும்மா வாருங்க. சும்மா உக்காந்திருப்போம். நீங்க ஏலேன்னு கூப்பிட்டு எம்புட்டு நாளாச்சு."

ஆடி முடிந்ததும் பதில் வரும். எப்போதும் இரண்டு மூன்று வரிதான். முதல் சில வருஷம் பேரப்பிள்ளைகளை விட்டு வர ஏலாது என்று இருந்தது, பிறகு இப்படி வந்தது.

"ஏலே, இந்த வருசமும் ஆகலை. வழியில சின்னத் தடங்கல். தேருக்கு வடம் புதுசு போல. நல்ல வடம். ஒடம்பப் பாத்துக்க."

டிவியில் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். ஒரு வருஷம் அந்தக் கார்டில் இப்படி ஒரு வரி: "மூணாம் வரிசையில கடைசித் தறியப் பாரு. தண்டு ஆடுது." பல்லடத்தில் உட்கார்ந்துகொண்டு என் தறியைப் பற்றிப் பேசுகிறாரே, வயசாகிவிட்டது, பழைய ஷெட் ஞாபகத்தில் எழுதுகிறார் என்று நான் சிரித்தேன். பத்தாம் நாள் அந்தத் தறியில் தண்டு முறிந்தது. அதன் பிறகு நான் பேசிய பேச்சு இருக்கிறதே! கல்யாண வீடு, டீக்கடை, ஒரு இடம் பாக்கியில்லை. "என் பிட்டர் பல்லடத்துல இருந்துக்கிட்டே ராஜபாளையத்துத் தறிக்கு நாடி பாப்பாரு!" எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கோபமும் இருந்தது. இவ்வளவு கெஞ்சி எழுதுகிறேன், ஒரு பஸ் ஏறி வர முடியவில்லையா? நான் பெரியவன் ஆனது பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். ஒரு கார்டில் எழுதியும்விட்டேன். அதற்கு வந்த பதிலில், "நீ பெரியவனானதுல எனக்கு சந்தோசம்லே" என்று ஒரே வரி.

போன மாதம் மலருக்காகப் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்துப் போடச் சொன்னேன். கலெக்டர் வந்தது, வெளிநாட்டுக்காரர்கள் வந்தது, கிருஷ்ணன்கோவில் காலேஜிலிருந்து பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக ஷெட்டைப் பார்க்க வந்தது எல்லாம் கேட் நோட்டில் இருக்கும். அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து மலரில் போட வேண்டும் என்பது என் ஆசை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே புரட்டினேன்.

ஓர் ஆடி மாதப் பக்கம். நடுவில் ஒரு கையெழுத்து. "மிஷின் தப்பு" என்று பக்கம் பக்கமாகப் பார்த்த கையெழுத்து எனக்குத் தெரியாமல் போகுமா? பெயர் இருந்தது. ஊர், பல்லடம். யாரைப் பார்க்க, முதலாளியை. விஷயம் என்கிற கட்டத்தில், சும்மா. உள்ளே போன நேரம் என்கிற கட்டம் காலி.

அடுத்த நோட்டை எடுத்தேன். அடுத்த ஆடி. பல்லடம். சும்மா. காலி. இன்னொரு நோட்டு. ஏழு நோட்டுகளில் ஏழு தடவை. நோட்டு நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். எங்கள் மம்சாபுரத்துக்காரர், ராணுவத்தில் இருந்து வந்தவர், சொன்னதைச் செய்கிறவர். வந்து விறைப்பாக நின்றார்.

"இந்த மனுசன் வந்தாரா?"

எட்டிப் பார்த்தார். "ஆமாய்யா. மஞ்சப்பைக்காரப் பெரியவரு. வருசா வருசம் வருவாவ. என் காலத்துல அஞ்சு தடவ. அதுக்கு முந்தி ரெண்டு தடவ வேற ஆளு இருந்தாரு."

"ஏன் உள்ள விடல?"

"ஐயா, நீங்கதான சொன்னிய. நன்கொடை கேட்டு வந்தவன் ஒருத்தன் சும்மா பாக்க வந்தேன்னு உள்ள பூந்துட்டான்னு எனக்கு முந்தியிருந்த ஆளக் கிழிச்சியளாம். சும்மான்னு சொல்லிக்கிட்டு எவன் வந்தாலும் விடாதே, பெத்த அப்பனா இருந்தாலும் விடாதேன்னு நான் சேந்தன்னைக்கு எனக்கும் சொன்னிய."

சொன்னேன். சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"அவர் யாருன்னு கேக்க மாட்டியாலே?"

"கேட்டேன்யா. அவியளுக்குக் காது கேக்கல. நோட்ட நீட்டுனேன். சும்மான்னு எழுதுனாவ. பாவமா இருந்துச்சு. ஒரு தாள்ல எழுதிக் காட்டுனேன், வேலை விஷயம்னு எழுதுங்க, விட்டுருதேன்னு. சிரிச்சிக்கிட்டே தலைய ஆட்டிட்டாவ. பொய் எழுத மாட்டேன்னு."

"பொறவு?"

"பொறவு என்ன, செத்த நேரம் நிப்பாவ. ரோட்டுப் பக்கம் ஷெட்டுச் சுவரேதான காம்பவுண்டு. அதுல உள்ளங்கைய வச்சிக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டு நிப்பாவ. பொறவு பஸ்ஸுக்குப் போயிருவாவ. ஒரு தடவ மாம்பழம் ஒண்ணு காம்பவுண்டுக்கு வெளிய விழுந்து கெடந்தது. எடுத்துத் தொடச்சு என் கையில குடுத்துட்டுப் போனாவ."

மூணாம் வரிசை கடைசித் தறி. பல்லடத்திலிருந்து நாடி பார்க்கிறார் என்று ஊரெல்லாம் பேசினேனே. அந்த மனுஷன் என் சுவரில்தான் கை வைத்திருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் முப்பதடியில் நான் விசிறிக்கடியில் உட்கார்ந்து, அவர் ஏன் வரவில்லை என்று கோபப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" அதிகாரம் போகவில்லை, அப்போதும் கத்தினேன்.

அவர் கத்தவில்லை. குனிந்து, கீழே கிடந்த நோட்டை எடுத்து விரித்து, பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். "தினமும் சாயங்காலம் நோட்டு உங்க மேசைக்குத்தானய்யா வருது."

என் கையெழுத்து. ஏழு பக்கத்திலும். நாலாம் வகுப்புக்காரன் கையெழுத்தைப் பார் என்று வளைத்து வளைத்துப் போடுவேன். ஒருநாளும் மேலே படித்ததில்லை. பார்த்தேன், சரி என்பதற்கு அடையாளம் அந்தக் கையெழுத்து. அவரைத் திருப்பி அனுப்பியது சரி என்று ஏழு தடவை ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஏன் ஒரு கார்டிலாவது எழுதவில்லை அவர்? ஏலே, வந்தேன், உன் ஆள் விடவில்லை என்று ஒரு வரி போதுமே. அன்றைக்கு முழுவதும் யோசித்தேன். அப்போதுதான் பழைய சம்பவம் ஒன்று வந்து நின்றது.

ஷெட் போட்ட இரண்டாம் வருஷம் மோட்டார் எரிந்துவிட்டது. "எவம்லே சுவிச்சப் போட்டது?" என்று கேட்டேன். அண்ணாச்சி ஒரு தறிக்காரனுடைய பெயரைச் சொன்னார். உண்மைதான். அந்த நிமிஷமே அவனை வெளியே போகச் சொன்னேன். மழை பெய்துகொண்டு இருந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு கேரளத்து எஸ்டேட்டுக்குப் போனான் என்றார்கள். அண்ணாச்சி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஒரு பழைய டைரியோடு வந்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஓர் ஆளுடைய பெயரை நான் வாங்கியதே இல்லை.

அவருடைய விசித்திரம் என்று இத்தனை வருஷம் சொல்லிச் சிரித்தேனே, அதைச் செய்ததே நான்தான். வாட்ச்மேன் விடவில்லை என்று எழுதினால் அந்த ஆளுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது என்று அவருக்குத் தெரியும். என்னை அவ்வளவு தெரியும்.

கடிதம் எழுதினேன். இந்தத் தடவை பெருமை ஒன்றும் இல்லை. "அண்ணாச்சி, நோட்டைப் பாத்தேன். ஏழு தடவை. ஐம்பதாவது வருச விசேசத்துக்கு நானே பல்லடம் வந்து கூட்டிட்டு வாரேன். வாட்ச்மேனை ஒண்ணும் செய்யல. வாரேன்னு மட்டும் எழுதுங்க."

முந்தாநாள் பதில் வந்தது. எழுத்து முன்னைவிட நடுங்கியிருக்கிறது.

"ஏலே, அந்தப் பட்டாளத்துக்காரர் நல்ல ஆளு. எனக்கு ஒவ்வொரு தடவையும் தண்ணி குடுத்தாரு. கேட்டுதான் கொஞ்சம் இறுக்கம். எண்ணெய் போடு. நீ வர வேண்டாம். கால் ஓடுற வரைக்கும் நானே வாரேன். நோட்டுல எழுதித்தான் வருவேன். விஷயம் சும்மாதான். போனீரா."

கால் ஓடுகிற வரைக்கும். எத்தனை நாளைக்கு ஓடும் என்று அவர் எழுதவில்லை. வாட்ச்மேன் அவரை அடையாளம் பார்க்க ரோட்டில் இரண்டு தடவை போய் நின்றுவிட்டு வந்தார். நானும் காலையில் நாற்காலியை கேட்டுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பஸ் நிற்கிற போதெல்லாம் எழுந்து பார்க்கிறேன்.

நான் எழுதியதை மகன் வாங்கிப் பிழை திருத்தினான். கடைசியில் திருத்தத்தை வாசித்துக் காட்டினான்: "பாதுகாப்பு ஏற்பாடுகளின் காரணமாக எங்கள் முதல் பிட்டரால் சில முறை உள்ளே வர இயலாமல் போனது."

"இதுல நான் எங்கலே இருக்கேன்?" என்றேன்.

"எதுக்குப்பா உங்களப் போட்டுக்கிட்டு? வெளிநாட்டுக்காரங்க எல்லாம் படிப்பாங்க. பெரிய கேட்டு, அதனால வந்த கொளறுபடின்னு விட்டுருவோம்."

கேட் தப்பு. அண்ணாச்சி எழுதிய மாதிரியே இவனும் எழுதுகிறான். எண்ணெய் கேன் அன்றைக்கு இனித்த மாதிரி இன்றைக்கு இனிக்கவில்லை.

மலர் அச்சடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் பக்கத்தில் ஷெட் போட்டது நான், போர் போட்டது நான், கம்பம் வரவழைத்தது நான் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள் அல்லவா? அதே அளவு எழுத்தில், என் பெயரோடு, இதையும் போடுங்கள். வாட்ச்மேன் பெயர் வேண்டாம், கேட்டைச் சொல்ல வேண்டாம். சும்மா வந்த மனுஷனை ஏழு தடவை வாசலோடு திருப்பி அனுப்பியதும் நான்தான். ஏழுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை வேறு யார் பேரிலும் எழுதக் கூடாது.